சைனஸ் எண்டோஸ்கோப்பி ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் வராமல், உள்ளே ஒட்டிக்கொள்ளாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

அடுத்த வாரம் ஆபரேஷன், ரத்தம் கொட்டுமோ, தழும்பு விழுந்து மறுபடி அடைத்துக்கொள்ளுமோ என்று பயமாக இருப்பதாகக் கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. நாலு வருஷத்துக்கு முன் இதே ஆபரேஷனில் இரண்டு பக்கமும் மூக்குக்குள் வளர்ந்த சதையை எடுத்துக்கொண்டவன். உங்கள் இரண்டு பயங்களில் முதல் பயத்தால்தான் இரண்டாவதில் மாட்டிக்கொண்டேன், அதனால் அதையே சொல்கிறேன்.

ஆறாம் நாள் தும்மலை வாயை மூடி அடக்கினேன், ரத்தம் வந்தது. கால் மணி நேரத்தில் நின்றுவிட்டது, ஆனாலும் பயந்துபோய் பத்து நாள் உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவவே இல்லை, டாக்டர் மூக்குக்குள் பொருக்கை எடுத்து இரண்டாவது தடவை சுத்தம் செய்ய வரச் சொன்ன நாளுக்கும் போகவில்லை. உள்ளே நடுவில் சுருள் மாதிரி ஒரு எலும்பு இருக்கிறது, அதற்கும் பக்கச் சுவருக்கும் நடுவில்தான் சைனஸின் வாசல். இரண்டு பக்கமும் புண்ணாக இருக்கும்போது நடுவில் ரத்தக்கட்டியும் பொருக்கும் தங்கினால் அதையே பாலமாக வைத்துச் சதை வளர்ந்து ஒட்டிவிடும். எனக்கு இடது பக்கம் அப்படி ஒட்டி, மூன்றாம் மாதம் பழைய அடைப்பு, பழைய தலைபாரம். மரத்துப்போக மருந்து வைத்து ஓ.பி.யிலேயே ஒட்டியதை வெட்டிவிட்டு, மறுபடி ஒட்டாமல் இருக்க ஒரு வாரத்துக்கு மெல்லிய சிலிக்கோன் தகடு வைத்தார்கள்.

அதனால் கழுவுவதை மட்டும் விடாதீர்கள். டாக்டர் தொடங்கச் சொன்ன நாளிலிருந்து, அவர் சொன்ன எண்ணிக்கைப்படி. மருந்துக்கடைப் பொட்டலம் நல்லது, இல்லையென்றால் 240 மில்லி தண்ணீருக்கு அயோடின் சேர்க்காத உப்பு அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை சமையல் சோடா. தண்ணீர் கட்டாயம் கொதித்து ஆறியதாக இருக்கணும், கிணறு, தொட்டி, குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் விடவே கூடாது. கேரளத்தில் 2024-லும் 2025-லும் மூளையைத் தின்னும் அமீபா என்று செய்தியில் வந்ததே, அது மூக்கு வழியாகத்தான் உள்ளே போகிறது. கழுவும்போது பழுப்பாக, ஜெல்லி மாதிரி ஏதாவது வந்தால் பதறாதீர்கள், ஆபரேஷனில் மூக்குக்குள் கரையும் பஞ்சு வைத்திருந்தால் அது அப்படித்தான் வெளியே வரும். ஸ்டீராய்டு ஸ்பிரே எழுதிக் கொடுத்திருந்தால் மூச்சு நன்றாக வருகிறதே என்று நிறுத்திவிடாதீர்கள்.

ரத்தத்தைப் பொறுத்தவரை முதல் சில நாள் இளஞ்சிவப்பாகக் கசிவது சகஜம். முதல் இரண்டு வாரம் மூக்கைச் சிந்தாதீர்கள், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள், இரண்டு தலையணை வைத்துப் படுங்கள். இருபது லிட்டர் தண்ணீர்க் கேனை வேறு யாராவது தூக்கட்டும். மலச்சிக்கல் வந்து முக்கினாலும் ரத்தம் வரும், அதனால் பழம், கீரை, தண்ணீர் நிறைய. நம் வீட்டில் மூக்கு அடைத்தாலே ஆவி பிடி என்பார்கள், இந்தச் சமயத்தில் வேண்டாம், சூடு ரத்தக்குழாயை விரித்துவிடும். வலிக்கு பாராசிட்டமால் போதும், புரூஃபென் வகை மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. இதயத்துக்கு, ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தவும் கூடாது, இரண்டு டாக்டர்களும் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் அது. மீன் எண்ணெய், விட்டமின் ஈ மாத்திரை எது சாப்பிட்டாலும் ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பி.பி. இருந்தால் மாத்திரையை ஒரு நாளும் விடாதீர்கள்.

புது ரத்தம் வந்தால் படுக்காமல் உட்கார்ந்து, முன்னால் குனிந்து, தொண்டைக்கு வருவதை விழுங்காமல் துப்புங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் நிற்காவிட்டால், அல்லது வேகமாகக் கொட்டினால், உடனே ஆஸ்பத்திரி. கண் வீங்கினாலோ, பார்வை மங்கினாலோ, குனியும்போது மூக்கில் ஒரு பக்கம் மட்டும் தெளிந்த தண்ணீராகச் சொட்டினாலோ, அதுவும் நடு ராத்திரி என்றாலும் காத்திருக்கக் கூடாத விஷயம்.

அப்புறம் அந்தச் சுத்தம் செய்யும் நாட்கள். வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன், கண்ணில் தண்ணீர் வரும், ஆனால் சில நிமிடங்கள்தான். வெறும் வயிற்றோடு போனால் எனக்கு மயக்கம் வந்தது. இரண்டு இட்லியாவது சாப்பிட்டு, டாக்டரிடம் கேட்டு ஒரு மணி நேரம் முன்னால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு, துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள்.