கேள்வி – பதில்: போலந்து ராக் ஆல்பங்களை வாங்கும்போது

கேள்வி: நான் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் வசிக்கிறேன். நண்பர் வீட்டில் போலந்தின் ரிவர்சைட் குழுவைக் கேட்டதிலிருந்து அந்நாட்டுப் புரோகிரசிவ் ராக் இசையில் ஆர்வம் வந்துவிட்டது. ஒரே கருவைத் தொடக்கம் முதல் முடிவுவரை கொண்டுசெல்லும் கான்செப்ட் ஆல்பங்களாகவே வாங்க விரும்புகிறேன். எதிலிருந்து தொடங்கலாம்? இசைத்தட்டு நல்லதா, சிடி நல்லதா?

பதில்: ரிவர்சைட் குழுவிலேயே தொடங்குங்கள், ஆனால் எந்த ஆல்பம் மலிவாகக் கிடைக்கிறது என்று பார்த்து வாங்காமல், வெளிவந்த வரிசையில் வாங்குங்கள். வார்சாவில் 2001-இல் உருவான இக்குழுவின் முதல் மூன்று ஆல்பங்களான 'அவுட் ஆஃப் மைசெல்ஃப்' (2003), 'செகண்ட் லைஃப் சிண்ட்ரோம்' (2005), 'ராபிட் ஐ மூவ்மென்ட்' (2007) ஆகியவை 'ரியாலிட்டி ட்ரீம்' என்ற ஒரே முத்தொகுதியைச் சேர்ந்தவை. தனக்குள்ளேயே அடைபட்ட ஒரு மனிதனின் அகப்போராட்டம் மூன்றிலும் தொடர்கிறது. மூன்றாவதை முதலில் வாங்கியவர், நாவலின் கடைசிப் பகுதியைக் கையில் எடுத்தவரைப் போல் தவிக்க நேரும். பாடல்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் வரிகளைப் பின்தொடர்வது உங்களுக்குக் கடினமாக இராது. பாடல் வரிகள் அச்சிட்ட சிறுநூல் உள்ளே இருக்கிறதா என்று கேட்டுவிட்டே பணம் அனுப்புங்கள். பழைய பிரதிகளில் முதலில் தொலைவது அதுதான்.

இசைத்தட்டா, சிடியா என்பதற்குக் கால அளவை வைத்தே விடை சொல்ல முடியும். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 20 முதல் 22 நிமிடம்வரை பதிந்தால்தான் ஒலி நிறைவாக இருக்கும். அதற்கு மேல் போனால் பள்ளங்கள் நெருங்கி, ஒலியின் அளவையும் ஆழத்தையும் குறைக்க வேண்டிவரும். 'செகண்ட் லைஃப் சிண்ட்ரோம்' ஒரு மணி நேரத்தைத் தாண்டுவதால் அதை இரண்டு தட்டுகளில்தான் பதிக்க முடியும்; கேட்பவர் மூன்று முறை எழுந்துபோய்த் தட்டைத் திருப்பவோ மாற்றவோ வேண்டும். தொடர்ந்து கேட்பதற்கென்றே கட்டப்பட்ட ஆல்பத்தை இப்படி நான்காகத் துண்டாடுவதற்குச் சிடியைவிடப் பல மடங்கு விலை கொடுப்பதை என்னால் பரிந்துரைக்க முடியவில்லை. மாறாக, போலந்து விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்த 2009-ஆம் ஆண்டின் 'அன்னோ டொமினி ஹை டெஃபினிஷன்' ஐந்தே பாடல்களில் 44 நிமிடம் 44 நொடிகளில் முடிந்துவிடுகிறது. இசைத்தட்டுதான் வேண்டும் என்றால் அதை வாங்குங்கள்.

பழைய ஆல்பங்களின் நிலை வேறு. அவை இசைத்தட்டை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை. பாடகர் செஸ்வாஃப் நியெமென் 1970-இல் வெளியிட்ட 'எனிக்மாட்டிக்' ஆல்பத்தின் முதல் பக்கம் முழுவதையும், 19-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சிப்ரியான் நோர்வித் தளபதி பெம்மின் நினைவாக எழுதிய இரங்கற்பாவின் இசைவடிவம் நிறைக்கிறது. தேவாலயத்தில் ஒலிப்பது போன்ற ஆர்கனும் சேர்ந்திசையும் நெடுநேரம் காத்திருக்க வைத்த பிறகே நியெமெனின் குரல் எழுகிறது; அந்தக் காத்திருப்பை நடுவில் வெட்டிக் கேட்டால் பாட்டே இல்லை. கிளான் குழுவின் 'ம்ரோவிஸ்கோ' (1971) பாலே நடன நிகழ்ச்சிக்காக உருவான இசை. எறும்புப் புற்று என்பது அதன் பொருள். புத்கா சுஃப்லெரா குழுவின் முதல் ஆல்பத்தில் (1975) இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே பாடல். மொழி புரியாவிட்டாலும் இவற்றை வாங்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

போலந்தின் எஸ்பிபி (SBB) குழுவைத் தேடும்போது அந்த மூன்று எழுத்துகளை மட்டும் இட்டால் சுவிட்சர்லாந்து ரயில்வேயின் பயணச்சீட்டுகள்தான் திரையில் வரும். குழுத்தலைவர் யூசெஃப் ஸ்க்ஷெக்கின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.

பழைய பிரதிகளில் ஒரு எச்சரிக்கை. 'முதல் பதிப்பு' என்ற சொல்லை நம்பி, 1971-ஆம் ஆண்டுத் தட்டு ஒன்றுக்கு நான் ஒருமுறை பெருந்தொகை கொடுத்தேன். வந்த உறையைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கக் கீழ் மூலையில் பார்கோடு இருந்தது. அக்காலத்துப் போலந்து உறைகளில் பார்கோடு கிடையாது. விற்பனையாளர் அனுப்பிய படங்களில் அந்த மூலை மட்டும் இடம்பெறவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன். ஆகவே, உறையின் பின்பக்கம் முழுவதும், நடு லேபிள், பள்ளங்கள் முடிந்து லேபிள் தொடங்கும் இடைவெளியில் பொறித்த எண் ஆகிய மூன்றையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அரசு நிறுவனமான போல்ஸ்கியே நக்ரானியா, முசா என்ற முத்திரையில் வெளியிட்ட அக்காலத் தட்டுகளில் 'எக்ஸ்எல்' என்று தொடங்கும் எண் மோனோவையும், 'எஸ்எக்ஸ்எல்' என்று தொடங்கும் எண் ஸ்டீரியோவையும் குறிக்கும்.

கேள்வி: போலந்து இணையக் கடையிலிருந்து வாங்கிய புதிய சிடியைப் பிரித்துப் போட்டபோது நான்காவது பாடலில் தட்டுத்தடுமாறி நிற்கிறது. 'உறை பிரித்த சிடியைத் திரும்பப் பெற மாட்டோம்' என்கிறார்கள். இது சரியா?

பதில்: சரியன்று. அவர்கள் இரண்டு வெவ்வேறு உரிமைகளைக் குழப்புகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையம் வழியாக வாங்கிய பொருளைக் காரணம் சொல்லாமலே 14 நாள்களுக்குள் திருப்பியளிக்கலாம். முத்திரையிட்ட இசைப்பதிவின் உறையைப் பிரித்துவிட்டால் அந்த உரிமை போய்விடும் என்பது உண்மை. ஆனால் பொருளில் குறை இருப்பது தனி விஷயம். அதற்குச் சட்டம் குறைந்தது இரண்டு ஆண்டுப் பொறுப்பை விற்பவர்மீது சுமத்துகிறது. உறையைப் பிரிக்காமல் அக்குறையைக் கண்டறியவும் வழியில்லை. முதல் ஓராண்டுக்குள் தெரியவந்த குறை வழங்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். அப்படி இல்லை என்று காட்டுவது கடையின் பொறுப்பு.

வேறொரு கருவியிலும் சிடியைப் போட்டுப் பாருங்கள். அதிலும் அதே இடத்தில் நின்றால், அதைக் காணொளியாக எடுத்து இணைத்து, மாற்றுப் பிரதி கேட்டு எழுத்து மூலம் அனுப்புங்கள். மறுத்தால், உங்கள் மாநிலத்திலேயே கேல் நகரில் இருக்கும் ஐரோப்பிய நுகர்வோர் மையத்துக்கு எழுதலாம். எல்லை கடந்த இத்தகைய வழக்குகளில் அவர்கள் கட்டணமின்றித் தலையிடுகிறார்கள். விற்றவர் வணிகராக அல்லாமல் தனிநபராக இருந்தால் மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

கேள்வி: இந்த இசை போலந்தில் இன்னும் உயிரோடு இருக்கிறதா, அல்லது பழம்பொருளைத்தான் சேர்க்கிறேனா?

பதில்: உயிரோடு இருக்கிறது. ரிவர்சைட் குழு தன் கிட்டார் கலைஞர் பியோத்ர் க்ருஜின்ஸ்கியை 2016-இல் இழந்தபோது பலரும் அத்துடன் முடிந்தது என்றே நினைத்தோம். 2018-இல் 'வேஸ்ட்லேண்ட்', 2023-இல் 'ஐடி.என்டிட்டி' என்று அவர்கள் தொடர்ந்தார்கள். 1994-இல் 'மூன்ஷைன்' தந்த கொலாஜ் குழு, நெடிய மௌனத்துக்குப் பிறகு 2022-இல் 'ஓவர் அண்ட் அவுட்' வெளியிட்டது. ரிவர்சைட் குழுவின் பாடகர் மாரியுஷ் தூடா தனியாக நடத்தும் 'லூனாடிக் சோல்' வரிசையில், இறந்தவன் மறுமையில் மேற்கொள்ளும் பயணத்தைச் சொல்லும் முதல் இரண்டு ஆல்பங்களும் கறுப்பு, வெள்ளை உறைகளுடன் இணையாக நிற்கின்றன.

மாறியிருப்பது இந்த இசை மக்களைச் சென்றடையும் வழி. முழு ஆல்பங்களை ஒலிபரப்பி இந்த ரசனையை வளர்த்த போலந்து வானொலியின் மூன்றாம் அலைவரிசையிலிருந்து, 2020 மே மாதம் ஒரு தரவரிசை நிகழ்ச்சியின் முடிவு ரத்து செய்யப்பட்டதை அடுத்து, பல அறிவிப்பாளர்கள் வெளியேறினார்கள். அந்த அலைவரிசையின் முன்னாள் அறிவிப்பாளர்கள் நேயர்களின் பணத்தில் தொடங்கிய ரேடியோ நோவி ஷ்வியாத், ரேடியோ 357 ஆகிய இரண்டு இணைய வானொலிகளையும் ஸ்டுட்கார்ட்டிலிருந்தே கேட்கலாம். அடுத்து எதை வாங்குவது என்பதை அவற்றைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.