கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: வீட்டில் அரைக்கும் பொடிகளை இணையக்கடையில் விற்கிறேன். எட்டு வகை; ஒவ்வொன்றும் 100, 250, 500 கிராம். பட்டியல் நீண்டு, வாடிக்கையாளர்கள் திணறுகிறார்கள். எப்படி ஒழுங்குபடுத்துவது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: எட்டுப் பொடிக்கு 24 பக்கங்களா, அம்மா? இட்லிப் பொடிக்கு ஒரே பக்கம் போதும். எடையை அதற்குள்ளேயே தேர்ந்தெடுக்கும்படி வையுங்கள். ஆனால் எடைவாரியாகத் தனிக் குறியீட்டு எண் கொடுங்கள். இல்லையென்றால் 250 கிராம் தீர்ந்துபோனதே தெரியாமல் ஆர்டர் வாங்கிக்கொண்டிருப்பீர்கள். 'சிறப்புப் பொடிகள்' என்ற பிரிவால் யாருக்கும் பயனில்லை. சோற்றுக்கு, இட்லி தோசைக்கு, குழம்புக்கு என்று பிரியுங்கள். பூண்டு சேர்க்காதவற்றைத் தனியாகவும் காட்டுங்கள். அதைத் தேடி வருகிறவர்கள் உண்டு. பூ ஜாடி, பட்டுத்துணியெல்லாம் படத்தில் வேண்டாம். பொடியின் நிறமும், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண்ணுள்ள லேபிளும் தெளிவாகத் தெரியட்டும்.