உருப்பெருக்கம் கூடினால் நுணுக்கமும் கூடுமா?

கேள்வி: எங்கள் பள்ளி நுண்ணோக்கியில் 40 மடங்கு பொருளருகு லென்சும் 10 மடங்கு கண்ணருகு லென்சும் உள்ளன. வெங்காயத் தோலின் செல்கள் அதில் தெளிவாகவே தெரிந்தன. 25 மடங்கு கண்ணருகு லென்சை வாங்கிப் பொருத்திய பிறகு செல்கள் பெரிதாகின, ஆனால் மங்கிவிட்டன. புதிய லென்சு பழுதானதா? (பள்ளி ஆசிரியை ஒருவர்)

பதில்: லென்சில் பழுது இருக்க வேண்டிய அவசியமில்லை. பொருளருகு லென்சு ஸ்லைடில் உள்ள பொருளின் பெரிதான, தலைகீழான பிம்பத்தைக் குழாயின் மேற்பகுதியில் உருவாக்குகிறது. அந்தப் பிம்பத்தைத்தான் கண்ணருகு லென்சு மேலும் பெரிதாக்கிக் காட்டுகிறது. அதனால்தான் இரண்டு எண்களையும் பெருக்குகிறோம்: முன்பு 400 மடங்கு, இப்போது 1000 மடங்கு. ஆனால் முதல் பிம்பத்தில் பதியாத நுணுக்கத்தை இரண்டாவது லென்சால் வரவழைக்க முடியாது. நாளிதழில் அச்சான படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் புள்ளிகள் பெரிதாகுமே தவிர, முகம் தெளிவாகாது.

முதல் பிம்பத்தின் நுணுக்கத்தை முடிவு செய்வது, பொருளிலிருந்து விரிந்து வரும் ஒளியைப் பொருளருகு லென்சு எவ்வளவு அகன்ற கோணத்தில் வாங்கிக்கொள்கிறது என்பதுதான். அதைக் குறிக்கும் எண்ணைத் துளை எண் என்போம். 40 மடங்கு லென்சின் உடலில் பெரும்பாலும் 0.65 என்று பொறித்திருக்கும். ஒளியின் அலைநீளமும் இந்த எண்ணும் சேர்ந்து நுண்ணோக்கிக்கு ஓர் எல்லையை வகுக்கின்றன என்பதை ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் அபே 1873இல் விளக்கினார். 550 நானோமீட்டர் பச்சை ஒளியில், உங்கள் லென்சுக்கு அந்த எல்லை சுமார் அரை மைக்ரோமீட்டர். அதைவிட நெருங்கிய இரு புள்ளிகள் ஒன்றாகவே தெரியும். துளை எண்ணின் 500 முதல் 1000 மடங்கு வரையிலான உருப்பெருக்கமே பயன் தரும் என்பது நடைமுறைக் கணக்கு. உங்களுக்கு அது 325 முதல் 650 வரை என்பதால், 400 அதற்குள் அடங்குகிறது. 1000 வெகுவாக மீறுகிறது. ஒற்றை லென்சுக் கருவிகளால் பற்களில் படிந்த அழுக்கில் பாக்டீரியாக்களைக் கண்ட 17ஆம் நூற்றாண்டு டச்சு ஆய்வாளர் லேவன்ஹூக்கின் கருவிகளில், இன்று எஞ்சியிருப்பவற்றுள் மிகச் சிறந்தது ஏறத்தாழ 270 மடங்குதான் பெருக்குகிறது. எனவே நுண்ணோக்கி வாங்குவோர் பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெரிய எண்ணைப் பாராமல், துளை எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன்.

இன்னொன்றையும் சோதித்துப் பாருங்கள். மேடைக்குக் கீழுள்ள ஒளித் துளையை மிகவும் சுருக்கினால் விளிம்புகள் கறுத்துத் தெளிவாவது போலத் தோன்றும். உண்மையில் நுணுக்கம் குறைந்துவிடும். மூடுகண்ணாடியின் தடிமனும் முக்கியம். பெரும்பாலான 40 மடங்கு லென்சுகள் 0.17 மில்லிமீட்டர் கண்ணாடிக்கென்றே வடிவமைக்கப்பட்டவை.

கேள்வி: ஒரு செல்லின் உண்மையான நீளத்தை எப்படி அறிவது? (கல்லூரி மாணவர்)

பதில்: கண்ணருகு லென்சில் 18 போன்ற ஓர் எண் பொறித்திருந்தால், அதைப் பொருளருகு லென்சின் மடங்கால் வகுங்கள், பார்வை வட்டத்தின் விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 10 மடங்கு பொருளருகு லென்சில் அது 1.8 மில்லிமீட்டர். விட்டத்தின் வழியே ஆறு செல்கள் நீளவாக்கில் வரிசையாக அமைந்தால், ஒன்றின் நீளம் சுமார் 0.3 மில்லிமீட்டர்.

கேள்வி: 100 மடங்கு லென்சுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா? (ஒரு வாசகர்)

பதில்: வேண்டாம். ஸ்லைடு கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.52, அதற்கு நிகரான எண்ணெய் இடையில் இருந்தால்தான் ஒளி வளையாமல் லென்சுக்குள் நுழையும், துளை எண்ணும் 1.25 வரை எட்டும். தேங்காய் எண்ணெயின் எண் 1.45 அளவே. இதற்கென விற்கப்படும் எண்ணெயில் ஒரே ஒரு துளி போதும். பார்த்து முடித்ததும் லென்சுத் தாளால் மெதுவாக ஒற்றி எடுங்கள். எண்ணெய் படிந்த ஸ்லைடின் மீது 40 மடங்கு லென்சைத் திருப்பாதீர்கள்.