மேல்சபையில் எங்கள் பிரேரணை எப்போது வரும்? சிட்னி நேரலைக்காக விடிய எழும்புகிறவருக்கு ஒரு பதில்

கேள்வி: மகளின் குடும்பம் சிட்னியில், டூங்காபியில் இருக்கிறது. அவர்களுடைய தமிழ்ப் பாடசாலையைப் பாராட்டி நியூ சவுத் வேல்ஸ் மேல்சபை உறுப்பினர் ஒருவர் பிரேரணைக்கு அறிவித்தல் கொடுத்திருக்கிறாராம். இலக்கம் ஆயிரத்துச் சொச்சம் என்று மகள் சொன்னா. பார்க்கிற ஆசையில் இரண்டு நாள் விடிய எழும்பி நேரலையைத் திறந்தேன். ஒரு நாள் ஏழெட்டுப் பேர் மட்டும் இருந்து ஏதோ சட்டமூலம் பேசினார்கள், திடீரென்று மணி அடிக்க எல்லோரும் ஓடிவந்து இடம் மாறி இருந்தார்கள். மற்ற நாள் சபையே இல்லை, ஒரு அறையில் அதிகாரிகளை இருத்தி வைத்து விசாரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் விசயம் எப்போது வரும்? அதை எப்படித் தெரிந்துகொள்வது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கோண்டாவில்

பதில்: ஐயா, முதலில் விடிய எழும்புவதை நிறுத்துங்கள். நேரலையைத் திறந்தால் இந்த நிமிடம் யார் பேசுகிறார் என்று தெரியும், அவ்வளவுதான். அடுத்து என்ன வரும், உங்கள் பிரேரணை இந்தக் கிழமை எடுபடுமா என்பதெல்லாம் கடதாசியில் இருக்கிறது. அந்தக் கடதாசியை வாசிக்கத் தெரிந்தால் நீங்கள் நித்திரையும் கொள்ளலாம், விசயத்தையும் தவறவிடாமல் பார்க்கலாம்.

அந்தச் சபை கூடும் கிழமைகளில் வழக்கமாகச் செவ்வாய், புதன், வியாழன் ஆகிய மூன்று நாட்கள் கூடும். எல்லாக் கிழமையும் கூடாது. எந்தெந்தக் கிழமை என்ற நாட்காட்டியை வருடத்துக்கு முன்கூட்டியே வெளியிட்டுவிடுவார்கள். அதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு நாளும் யாருக்குச் சொந்தம் என்பதை. செவ்வாயும் வியாழனும் பெரும்பாலும் அரசாங்கத்தின் அலுவலுக்கு, அதாவது அமைச்சர்கள் கொண்டுவரும் சட்டமூலங்களுக்கு. புதன்தான் தனி உறுப்பினர்களின், அதாவது அமைச்சர் அல்லாதவர்களின் நாள். உங்கள் மகள் சொல்லும் பிரேரணை தனி உறுப்பினர் ஒருவருடையது என்பதால் மற்ற இரண்டு நாளும் அது விவாதத்துக்கு வரும் என்று காத்திருப்பது கிட்டத்தட்ட வீண்.

சரி, ஆயிரத்துச் சொச்சம் என்ற அந்த இலக்கம்? கிளினிக்கில் துண்டு எடுத்துவிட்டு இருக்கிற மாதிரி, ஒன்றிலிருந்து ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு உங்கள் முறை வரும் என்று நினைத்துவிடாதீர்கள். அது வெறும் பதிவு இலக்கம். ஒரு கூட்டத்தொடரில் உறுப்பினர்கள் கொடுக்கும் அறிவித்தல்கள் எல்லாவற்றுக்கும் வரிசையாக இலக்கம் போட்டுக்கொண்டே போவார்கள், அவற்றில் பெரும்பகுதி ஒருநாளும் விவாதத்தைக் காணாது. எந்தப் பிரேரணையை எந்தப் புதனில் எடுப்பது என்பது கட்சிக் கொறடாக்களின் பேச்சில்தான் பெரும்பாலும் முடிவாகிறது. ஆயிரத்து இருநூறாம் இலக்கம் நாளைக்கே வரலாம், முந்நூறாம் இலக்கம் அப்படியே கிடந்து காலாவதியாகலாம். ஆகவே மகள் அந்த உறுப்பினரின் அலுவலகத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “இதை எந்தப் புதனுக்குப் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள்?” என்பது. பதில் மழுப்பலாக வந்தால் இன்னும் யாரும் கேட்கவே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

காலாவதி என்று சொன்னேன், அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அங்கே பொதுத் தேர்தல் நான்கு வருடத்துக்கு ஒருமுறை, மார்ச் மாதத்தின் நான்காவது சனிக்கிழமை. 2023 இல் அது மார்ச் 25. தேர்தலுக்கு முன் கூட்டத்தொடரை முடித்துவைத்ததும் ஒழுங்குப் பத்திரத்தில், அதாவது சபை எடுக்க வேண்டிய அலுவல்களின் பட்டியலில், தொங்கிக்கொண்டிருக்கும் பிரேரணைகள் எல்லாம் விழுந்துவிடும். வேண்டுமென்றால் புதிய கூட்டத்தொடரில் முதலிலிருந்து அறிவித்தல் கொடுக்க வேண்டும். அந்த உறுப்பினருக்கே பதவி இருந்தால்தான் அதுவும். மேல்சபை உறுப்பினர்கள் 42 பேர், ஒவ்வொருவருக்கும் எட்டு வருடம், ஒவ்வொரு தேர்தலிலும் பாதிப் பேர், அதாவது 21 இடங்களுக்குத்தான் வாக்களிப்பு. உங்கள் ஆள் எந்தப் பாதியில் இருக்கிறார் என்று பார்த்துவைப்பது கெட்டித்தனம்.

இப்போது நீங்கள் தவறவிடக்கூடிய ஒரு வழியைச் சொல்லவேண்டும், உங்களுக்கு இதுதான் முக்கியம். விவாதமே இல்லாமல் பிரேரணை நிறைவேறலாம். சர்ச்சை இல்லாத பாராட்டுப் பிரேரணை என்றால் உறுப்பினர் அதை ‘ஃபோர்மல்’ அலுவலாக எடுக்கும்படி கேட்பார். சபையில் ஒரே ஒருவர்கூட ஆட்சேபிக்காவிட்டால் அந்த இடத்திலேயே வாக்குக்கு விட்டு முடித்துவிடுவார்கள். பேச்சு இல்லை, பதில் இல்லை, ஒரு நிமிடம்கூடப் பிடிக்காது. பாடசாலையின் பெயர், எத்தனை பிள்ளைகள், எந்த விழா என்று நீங்கள் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் வாசகங்கள் வாசிக்கப்படாமலே போகலாம், ஏனென்றால் அவை ஏற்கெனவே அச்சில் இருக்கின்றன. நீங்கள் தேத்தண்ணி ஊற்றப் போய் வருவதற்குள் முடிந்திருக்கும்! ஒருவர் ஆட்சேபித்தால் அது தோற்றதாக அர்த்தம் இல்லை, ஒழுங்குப் பத்திரத்தில் தொடர்ந்து இருக்கும், ஒரு புதனுக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். எங்கள் ஆட்களின் அமைப்புகள் கொடுக்கும் வாசகங்களில் இங்கே சிக்கல் வருவதுண்டு. பாடசாலையைப் பாராட்டும் பந்தியோடு இலங்கை அரசாங்கத்தைக் கண்டிக்கும் பந்தியையும் சேர்த்துவிடுவார்கள். அந்தக் கண்டனம் நியாயமானதாகவே இருக்கலாம், ஆனால் விவாதம் இல்லாமல் விட யாராவது மறுப்பார்கள். பாராட்டைத் தனியாகவும் மற்றதை வேறொரு பிரேரணையாகவும் கொடுக்கச் சொல்லுங்கள் என்பதே என் ஆலோசனை.

ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அது வழமைதான். கூட்ட நடப்பெண், அதாவது சபை நடக்க ஆகக் குறைந்தது இருக்கவேண்டிய ஆட்கள், தலைமை தாங்குபவரைத் தவிர எட்டுப் பேர். மற்றவர்கள் தங்கள் அறைகளிலிருந்து திரையில் பார்த்துக்கொண்டு, கடிதம் எழுதிக்கொண்டு, ஆட்களைச் சந்தித்துக்கொண்டு இருப்பார்கள். மணி அடித்தது எண்ணி வாக்கெடுக்க. முதலில் குரல் வாக்கு கேட்பார்கள், ஏற்காத பக்கம் எண்ணச் சொன்னால் கட்டடம் முழுக்க மணி ஒலிக்கும், உறுப்பினர்கள் ஓடிவருவார்கள், கதவைப் பூட்டுவார்கள். பிறகு ஆம் என்பவர்கள் தலைவரின் வலப்பக்கமும் இல்லை என்பவர்கள் இடப்பக்கமும் போய் இருப்பார்கள். நீங்கள் கண்ட இடமாற்றம் அதுதான், கட்சி தாவல் ஒன்றும் இல்லை.

இந்த எண்ணிக்கை அங்கே சும்மா சடங்கு கிடையாது. 1988 க்குப் பிறகு எந்த அரசாங்கத்துக்கும் அந்தச் சபையில் தனிப் பெரும்பான்மை இருந்ததில்லை. ஒவ்வொரு சட்டமூலத்துக்கும் சிறிய கட்சிகளிடமும் எதிர்க்கட்சியிடமும் போய் வாக்குச் சேர்க்க வேண்டும். குழுநிலையில் பந்தி பந்தியாகத் திருத்தம் கொண்டுவந்து, திருத்தம் ஒவ்வொன்றுக்கும் மணி அடித்து எண்ணினால் ஒரு பின்னேரமே அதில் போய்விடும். அப்படியான நாட்களில் மற்ற அலுவல்கள் பின்னுக்குத் தள்ளப்படும், நிகழ்ச்சி நிரலில் பெயர் இருந்தும் முறை வராது.

அதிகாரிகளை விசாரித்த அந்த மற்ற நாள் வரவுசெலவுத் திட்ட மதிப்பீட்டு விசாரணையாக இருந்திருக்கும் என்றே ஊகிக்கிறேன். மேல்சபையின் குழுக்கள் ஒவ்வொரு அமைச்சரையும் அவருடைய திணைக்கள அதிகாரிகளையும் கூப்பிட்டு நாள்முழுக்கக் கேள்வி கேட்கும். அந்தக் கிழமைகளில் சபை கூடாது. என்னைக் கேட்டால் சபை விவாதத்தைவிட அதுதான் பார்க்கச் சுவையானது, ஆனால் உங்கள் பிரேரணைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

எங்களுக்கு இதெல்லாம் புதிதாகத் தெரிவதில் வியப்பில்லை. கைதடியில் 2013 முதல் 2018 வரை இருந்த வடமாகாண சபை 38 பேர் கொண்ட ஒரே சபை. கொழும்பில் முப்பது பேர் கொண்ட செனட் சபை ஒன்று 1947 முதல் இருந்தது, எஸ். நடேசன் அங்கே பேசினார், மு. திருச்செல்வம் அங்கேயிருந்துதான் 1965 இல் உள்ளூராட்சி அமைச்சரானார். 1971 ஒக்டோபரில் அதை ஒழித்துவிட்டார்கள். அந்த செனட்டில் பாதிப் பேர் நியமனம், பாதிப் பேரைக் கீழ்ச்சபை தெரிந்தெடுத்தது. சிட்னியிலோ முழு மாநிலத்தையும் ஒரே தொகுதியாக வைத்து மக்களே விகிதாசார முறையில் தெரிவுசெய்கிறார்கள், அதனால் அந்தச் சபைக்குத் துணிவும் கூட. 1996 இல் மைக்கல் ஈகன் என்ற அமைச்சர், மாநிலத்தின் நிதிப் பொறுப்பையே வைத்திருந்தவர், சபை கேட்ட ஆவணங்களைத் தர மறுத்தார். அவரை இடைநிறுத்தி, கறுப்புக் கோல் ஏந்தும் சபை அலுவலர் அவரை நாடாளுமன்றக் கட்டடத்துக்கு வெளியே மக்குவாரி வீதி நடைபாதை வரை கூட்டிக்கொண்டுபோய் விட்டார். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 1998 இல் ஆவணம் கேட்கச் சபைக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பாயிற்று. இன்றைக்கும் புதன்கிழமைகளில் ஆவணம் கோரும் பிரேரணைகள் நிறைய வரும். உங்கள் பாராட்டுப் பிரேரணை இடத்துக்குப் போட்டி போட வேண்டியது இவற்றோடு.

பிரேரணை நிறைவேறினால் என்ன கிடைக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் இதைப் பெரிதாக எதிர்பார்த்துவிடுகிறார்கள். அது சபையின் கருத்து. பாடசாலைக்கு ஒரு டொலர்கூட அதனால் வராது, பண ஒதுக்கீட்டுச் சட்டமூலம் கீழ்ச்சபையில்தான் தொடங்கவேண்டும். பாடசாலையின் பெயர் பதிவில் ஏறினால் போதும் என்றால் இதைவிடச் சுருக்கமான வழி இருக்கிறது. நாளின் முடிவில் சபையை ஒத்திவைக்கும் பிரேரணையின்போது உறுப்பினர்கள் தாங்கள் விரும்பிய விசயத்தைச் சில நிமிடம் பேசலாம். தனி உறுப்பினர் கூற்று என்று வேறொரு நேரமும் உண்டு. வாக்கெடுப்பு இல்லை, ஆட்சேபணை இல்லை, கொறடாக்களின் பேரமும் பெரிதாக இல்லை. சபைப் பேச்சுகளின் பதிவான ஹன்சாட்டில் அது அந்த உறுப்பினரின் குரலாக இருக்கும், சபையின் தீர்மானமாக இருக்காது. மகளின் பாடசாலைக்கு எது வேண்டும் என்று அவர்கள் முடிவெடுக்கட்டும். நானாக இருந்தால் முதலில் கூற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பிரேரணையை அதன் பாட்டில் விடுவேன்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. நியூ சவுத் வேல்ஸ் நாடாளுமன்ற இணையத்தளத்தில் மேல்சபைப் பகுதிக்குப் போங்கள். ‘நோட்டீஸ் பேப்பர்’ என்பது ஒழுங்குப் பத்திரம், அதில் இலக்கத்தைத் தேடினால் பிரேரணையின் முழு வாசகமும் கிடைக்கும். அதை இப்போதே அச்செடுத்து வைக்கலாம். ‘டெய்லி புரோகிராம்’ என்பது அன்றன்றைய நிகழ்ச்சி நிரல். புதன் நிரலில் உங்கள் விசயம் இருந்தால் மட்டும் நேரலையைத் திறவுங்கள். சிட்னியில் காலை 10 மணி என்றால் இங்கே விடிய 5.30, ஒக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை அவர்கள் கடிகாரத்தை முன்தள்ளுவதால் அப்போது 4.30. ‘ரன்னிங் ரெக்கோட்’ என்று ஒன்றும் இருக்கிறது, சபை நடக்க நடக்க எது முடிந்தது என்று எழுதிக்கொண்டு போவார்கள், அதைத் திறந்து வைத்தால் வீடியோவே தேவையில்லை. எல்லாவற்றையும் தவறவிட்டாலும் ‘மினிட்ஸ்’ இருக்கிறது, ஃபோர்மலாக ஒரு நிமிடத்தில் நிறைவேறியதுகூட அதில் வாசகத்தோடு பதிவாகியிருக்கும். பேசியது வேண்டும் என்றால் ஹன்சாட்டில் பாடசாலையின் பெயரை ஆங்கிலத்தில் அடித்துத் தேடுங்கள். எழுத்துக்கூட்டல் ஒன்றிரண்டு விதமாக அடித்துப் பாருங்கள், எங்கள் பெயர்களை அவர்கள் எப்படி எழுதுவார்கள் என்று சொல்ல முடியாது. அதற்காகத்தான் சரியான எழுத்துக்கூட்டலை ஒரு துண்டில் எழுதி உறுப்பினரின் அலுவலகத்துக்கு முன்கூட்டியே கொடுக்கும்படி மகளிடம் சொல்லிவிடுங்கள்.