டிரிபிள் இ படித்தால் கரண்ட் கம்பம்தானா?

குடியாத்தத்திலிருந்து எழுதியிருக்கும் அப்பாவுக்கு வணக்கம்.

மகள் டிரிபிள் இ-தான் (எலக்ட்ரிகல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்) வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள், சொந்தக்காரர்களோ "பொம்பளைப் பிள்ளை கம்பம் ஏறவா?" என்று கேட்கிறார்கள் என எழுதியிருக்கிறீர்கள். கம்பம் ஏறுவது இன்ஜினியர் வேலையே இல்லை. முதலில் அதை அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

திருவலத்தில், மத்திய அரசின் மின்கடத்தல் நிறுவனமான பவர்கிரிட்டின் 765 கிலோவோல்ட் துணை மின்நிலையம் இருக்கிறது. கர்னூலிலிருந்து லைன் வருகிறது. உள்ளே விடமாட்டார்கள், ரோட்டில் நின்று டவர்களைப் பார்த்தாலே இது எவ்வளவு பெரிய தொழில் என்று புரியும். 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வந்த பிறகுதான் தெற்கும் வடக்கும் ஒரே கிரிட், அதாவது ஒரே மின்வலைப்பின்னல் ஆயின. அதே மாதிரி வேலை இப்போது நாட்டு எல்லைகளிலும் நடக்கிறது. பூடானின் நீர்மின்சாரம் வெகுநாளாக இங்கே வருகிறது. 2024 நவம்பரில் நேபாளத்தின் 40 மெகாவாட் நம் லைன் வழியாகவே முதன்முறையாக வங்கதேசம் போனது.

மகளுக்குப் பிடிக்கக்கூடிய இடம் வங்கதேசத்தின் பேராமாராவில் இருக்கும் இணைப்பு நிலையம். மேற்கு வங்கத்தின் பஹரம்பூரிலிருந்து மின்சாரம் அங்கே போகிறது. 2013-ல் 500 மெகாவாட், 2018-ல் 1000. இரு பக்கமும் மின்சாரத்தின் அலைவேகம் ஒன்றேதான், 50 ஹெர்ட்ஸ். ஆனாலும் நேரடியாக இணைக்கவில்லை. ஏசி (மாறுதிசை) மின்சாரத்தை டிசி (நேர்திசை) ஆக்கி, அதே வளாகத்தில் திரும்ப ஏசியாக்குகிறார்கள். ஒரு பக்கத்துக் கோளாறு மறுபக்கம் தாவாது, எவ்வளவு போக வேண்டும் என்பதையும் செட் பண்ணி வைக்கலாம். 2014 நவம்பர் 1-ல் அந்த நிலையம் ட்ரிப் ஆகி, தானாகவே துண்டித்துக்கொண்டது. வந்துகொண்டிருந்த மின்சாரம் சட்டென நின்றதும் அங்கே மற்ற மின்நிலையங்களும் அடுத்தடுத்து விழுந்து, நாடே இருண்டது. இந்தியாவின் கிரிட்டோ விழாமல் தாக்குப்பிடித்தது. கோளாறைக் கண்டுபிடித்துத் துண்டிக்கச் சொல்லும் கருவிதான் ரிலே. எந்த ரிலே எந்த நொடியில் எதைத் துண்டிக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறவர்தான் புரொடெக்‌ஷன் இன்ஜினியர். ஏசி ரூமில், கம்ப்யூட்டர் முன்னால் நடக்கிற வேலை, சொந்தக்காரர்களுக்கு இதையும் சொல்லலாம்!

இலங்கைக்குப் போகும் மதுரை–அனுராதபுரம் இணைப்பைப் பற்றிப் பல வருடமாகப் பேசுகிறார்கள், இன்னும் வரவில்லை. அதை நம்பிப் படிக்க வைக்காதீர்கள். எல்லை தாண்டும் லைனுக்கென்று தனியாக ஆளெடுப்பதும் அரிது. வழக்கமான வாசல் வழியாகத்தான் போக வேண்டும். பவர்கிரிட், கேட் (GATE) என்ற தேசிய நுழைவுத்தேர்வின் மதிப்பெண் பார்த்து இன்ஜினியர்களை எடுக்கிறது. இடம் குறைவு, போட்டி கடுமை. அது கிடைக்காவிட்டால், படிப்பு முடிந்ததும் நெய்வேலியில் உள்ள தேசிய மின்சாரப் பயிற்சி நிறுவனத்தின் டிப்ளமோவை விசாரியுங்கள். காலேஜில் பவர் எலக்ட்ரானிக்ஸையும் பவர் சிஸ்டம்ஸையும் அரியர் இல்லாமல் முடிக்கட்டும், கூடவே பைதான் புரோகிராமிங்.

கவுன்சிலிங் சாய்ஸ் லிஸ்டில் வேலூர் பாகாயம் தந்தை பெரியார் அரசு இன்ஜினியரிங் காலேஜை மேலே வையுங்கள். ஃபீஸும் கையைக் கடிக்காது. லிஸ்டை லாக் பண்ணும் முன் அங்கே மூன்றாம் வருடம் படிக்கிற ஒரு பெண்ணிடம் மகளைப் பேசச் சொல்லுங்கள்: லேப் மெஷின்கள் ஓடுகின்றனவா, கேட் எழுத யாராவது சொல்லித் தருகிறார்களா என்று.