பழைய காரின் பின்பக்கம் இறங்கிவிட்டதா? ஸ்பிரிங் பட்டை வாங்கும் முன் டேப்பை எடுங்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் அப்பா வாங்கிய 1974 மாடல் அம்பாசிடர் மார்க் 2 இருக்கிறது. கொஞ்ச நாளாகப் பின்பக்கம் தாழ்ந்து, அதிலும் வலதுபுறம் நன்றாகவே இறங்கி நிற்கிறது. குடும்பத்தோடு சேலம் போனால் தொப்பூர் கணவாயில் ஒவ்வொரு குழிக்கும் அடியில் இடிக்கிறது. பின்பக்க ஸ்பிரிங்காக வில் மாதிரி அடுக்கியிருக்கும் எஃகுப் பட்டைகளோடு கூடுதலாக ஒரு பட்டை சேர்த்தால் போதும் என்கிறார் மெக்கானிக். இருக்கிற பட்டையையே வளைத்துத் தருகிறோம் என்கிறார்கள் பைபாஸ் ஓரத்து ஸ்பிரிங் பட்டறையில். உதிரிபாகக் கடைக்காரரோ புது செட் ஜோடியாக வாங்கச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
வாசகர், தருமபுரி

பதில்: மூன்று பேரும் வைத்தியம் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் யாராவது அளந்து பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. பணம் கொடுப்பதற்கு முன் அந்த வேலையை முடித்துவிடுங்கள்.

மட்டமான சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்துங்கள். நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்கட்டும், டிக்கியில் உள்ள சாமான்களை இறக்கிவிடுங்கள். பின்பக்கத்தை இரண்டு மூன்று முறை கையால் அழுத்தி விட்டபின், ஆக்சிலுக்கும் அதற்கு நேர் மேலே பாடியில் இருக்கும் ரப்பர் கட்டைக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி என்று இரண்டு பக்கமும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பலர் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளக்கிறார்கள். ஐம்பது வருடத்தில் எத்தனை முறை டிங்கரிங் பார்த்த மட்கார்டோ, அந்த விளிம்பை நம்ப முடியாது.

அடுத்தது முன்பக்கம். அம்பாசிடரில் பட்டை பின்னால் மட்டும்தான், முன்னால் டார்ஷன் பார், அதாவது முறுக்கிக்கொண்டு எடையைத் தாங்கும் எஃகுத் தண்டு. முன்பக்கம் ஒரு பக்கத்தின் அளவு மாறியிருந்தால் முழு வண்டியும் சாய்ந்து, பின்பட்டை இறங்கிய மாதிரியே தெரியும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. முன்பக்கம் அடியில் குறுக்கே ஓடும் இரும்புச் சட்டமான கிராஸ் மெம்பரின் நட்டநடுவில் ஜாக்கி கொடுத்து, இரண்டு முன்சக்கரமும் தரையை விட்டு எழும்பும்வரை தூக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. இப்போது பின்பக்கம் நேராகிவிட்டால் கோளாறு முன்னால் இருக்கிறது. டார்ஷன் பாரின் அளவைத் திருத்தினால் போதும், பட்டைக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு வேண்டாம். சாய்வு அப்படியே இருந்தால்தான் பின்பட்டையைச் சந்தேகப்பட வேண்டும். வலதுபுறம் என்கிறீர்கள். ஓட்டுநர் மட்டும் ஏறி ஓடும் ஓட்டமே அதிகம் என்பதால் அந்தப் பக்கம் முதலில் தளர்வது சகஜம்தான்.

பட்டையைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆள் ஏறிய பிறகு பட்டை கிட்டத்தட்ட நேர்கோடாக நிற்பது பல கார்களில் இயல்பு. வளைவு இல்லை என்பதை மட்டும் காட்டி ஒருவர் புது செட் விற்கப் பார்த்தால் அவசரப்பட வேண்டாம். காலி வண்டியிலேயே பட்டை எதிர்ப்பக்கம் வளைந்து நின்றால் அது தளர்ந்துவிட்டது. எல்லாவற்றிலும் நீளமான மெயின் பட்டையின் காதிலும் (சுருட்டிய முனை), பட்டைகளைக் கோர்க்கும் சென்டர் போல்ட்டின் துளையை ஒட்டியும் விரிசல் இருக்கிறதா, கீழ்ப்பட்டையின் முனை மேல்பட்டையில் பள்ளம் தோண்டியிருக்கிறதா, பட்டைகளுக்கு நடுவே துரு பிடித்து உப்பியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பட்டையின் முனையைப் பாடியோடு இணைக்கும் ஷேக்கிளில் உள்ள புஷ் தேய்ந்திருந்தாலும் சத்தமும் ஆட்டமும் வரும். அதன் செலவு பட்டையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

சரி, பட்டைதான் காரணம் என்று உறுதியானால் மூன்று யோசனைகளையும் பார்ப்போம்.

கூடுதல் பட்டை சேர்ப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நெடுஞ்சாலைப் பட்டறைகளில் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் லாரிப் பட்டை, அதை வெட்டிக் காருக்குப் பொருத்துகிறார்கள். பட்டையின் விறைப்பு, தடிமன் × தடிமன் × தடிமன் என்ற கணக்கில் ஏறும். 6 மில்லிமீட்டருக்குப் பதில் 7 மில்லிமீட்டர் பட்டை போட்டால், பார்வைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், விறைப்போ ஏறக்குறைய 59 சதவீதம் கூடும். வண்டி உயர்ந்து நிற்கும், உங்களுக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் பின்சீட்டில் உட்காரும் பெரியவர்களுக்கு முதுகு போய்விடும், பட்டையைத் தாங்கும் பாடியின் இரும்பிலும் விரிசல் விடும். தளர்ந்த பட்டைகள் தளர்ந்தபடியே உள்ளே இருக்கும். இதே காரணத்துக்காக, நீளமான ஷேக்கிள் போட்டு உயரம் ஏற்றுவதும் வேண்டாம்.

வளைப்பதில் பட்டறைக்குப் பட்டறை தரம் மாறும். பட்டையைக் கழற்றி, சூளையில் சீராகச் சூடேற்றி வளைவு கொடுத்து, எண்ணெயில் நனைத்து, மறுபடி மிதமான சூட்டில் பதம் ஏற்றித் தருவது முறையான வேலை. சூடேற்றாமல் சுத்தியலால் அடித்தே வளைவு ஏற்றும் கைதேர்ந்தவர்களும் இருக்கிறார்கள், அது கொஞ்ச காலம் நிற்கும். கேஸ் வெல்டிங் டார்ச்சால் ஒரே இடத்தில் பழுக்கக் காய்ச்சி வளைப்பவரிடம் மட்டும் கொடுக்காதீர்கள். அந்த இடத்தில் எஃகின் பதம் போய், ஒன்று மீண்டும் இறங்கும், இல்லை உடையும். விரிசல் விட்ட பட்டையை வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்றாலும் இதே பதில்தான். எப்படிச் செய்வீர்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். நல்ல வேலைக்காரர் சந்தோஷமாக விளக்குவார்.

நல்ல பட்டறையில் வளைத்தாலும், இத்தனை வருடம் உழைத்து எஃகில் ஏறிய களைப்பு போகாது. அதனால் வண்டியை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்க வேண்டும். கோயிலுக்கும் ஊருக்குள் விசேஷங்களுக்கும் மட்டும் எடுக்கிற வண்டி, விரிசல் எதுவும் இல்லை என்றால் வளைத்துப் போடுங்கள், பழைய பட்டையே இருக்கிறது என்ற திருப்தியும் கிடைக்கும். நீங்களோ குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கணவாய் இறங்குகிறீர்கள். சேலம் பக்கம் இறங்கும்போது பிரேக் பிடிக்கப் பிடிக்க, ஆக்சிலின் முறுக்கல் முழுவதையும் இந்தப் பட்டைதான் வாங்குகிறது. அங்கே மெயின் பட்டை உடைந்தால் ஆக்சில் நகர்ந்து, வண்டி நீங்கள் திருப்பாத பக்கம் போகும். உங்களுக்குப் புது செட்தான் சரி, அதுவும் இரண்டு பக்கமும் சேர்த்து. கழற்றிப் பூட்டும் கூலி எப்படியும் ஒரே கூலிதான் என்பதையும் கணக்கில் வையுங்கள். வளைத்தது ஒரு வருடத்தில் இறங்கினால் அந்தக் கூலியை இரண்டாவது முறை கொடுப்பீர்கள்.

அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. இப்போது கடையில் கிடைப்பதில் பழைய இருப்பும் உண்டு, வெளியார் தயாரிப்பும் உண்டு. ஆகவே மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காமல், உங்கள் பழைய பட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போங்கள். காதிலிருந்து காது வரை நீளம், அகலம், ஒவ்வொரு பட்டையின் தடிமன், எண்ணிக்கை, புஷ் துளையின் அளவு எல்லாம் ஒத்துப்போகிறதா பாருங்கள். பட்டையை எடைக்கணக்கில் விற்பது இந்தத் தொழிலில் வழக்கம், அதனால் தராசில் வைக்கச் சொல்லத் தயங்காதீர்கள். பழையதைவிடப் புதியது கணிசமாக எடை கூடினால், தடித்த பட்டையைத் தலையில் கட்டுகிறார்கள் என்று அர்த்தம். பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட், சென்டர் போல்ட், புஷ் எல்லாம் புதிதாகவே வாங்குங்கள். இறுக்கி இழுபட்ட பழைய யூ போல்ட்டை மறுபடி பூட்டுவது ஆபத்தான சிக்கனம்.

கேள்வி: என்னுடைய பிரீமியர் பத்மினிக்குப் பெங்களூரில் ஒரு கடையில் பின்பட்டை ஜோடி வாங்கி, கிருஷ்ணகிரியில் பூட்டினேன். வண்டி முன்பைவிட ரொம்ப உயரமாக நிற்கிறது, கல்லாட்டம் குதிக்கிறது. கடைக்காரர் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார். வாங்கி இரண்டு வாரம் ஆகிறது. என்ன செய்யலாம்?
வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: கடைக்காரரோடு மோதுவதற்கு முன் பூட்டிய விதத்தைச் சரிபாருங்கள். ரப்பர் புஷ் போல்ட்டுகளை, வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே முழுதாக இறுக்கிவிடும் பழக்கம் நிறைய பேரிடம் இருக்கிறது. சக்கரம் தொங்கும் நிலையில் ரப்பர் இறுகிக்கொள்வதால், இறக்கி வைத்த பிறகும் அது வண்டியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். சீக்கிரம் கிழிந்தும் போகும். வண்டியைத் தரையில் இறக்கி, எடை முழுவதும் சக்கரத்தில் வந்தபின், புஷ் போல்ட்டுகளைத் தளர்த்தி ஒருமுறை குலுக்கிவிட்டு மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். பாதிப் பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடலாம். புதுப் பட்டை ஆரம்பத்தில் சற்று உயரமாக நின்று, ஓட ஓடக் கொஞ்சம் அமர்வதும் உண்டு. யூ போல்ட்டுகளைச் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் கட்டாயம் மறுபடி இறுக்க வேண்டும்.

அதற்குப் பிறகும் கல்லாகவே இருந்தால், பழைய பட்டையோடு தடிமனை ஒப்பிடுங்கள். பழையதைக் காயலான் கடையில் போட்டுவிடவில்லை என்று நம்புகிறேன், இந்த வழக்கில் உங்கள் முக்கியமான சாட்சி அதுதான். அளவு வேறாக இருந்தால், பத்மினிக்கு என்று சொல்லிப் பொருந்தாத பொருளை விற்றிருக்கிறார்கள். அப்படியிருக்க, பில்லில் அச்சடித்த அந்த வரி அவர்களைக் காப்பாற்றாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது நேர்மையற்ற வணிகம். உங்களுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. போனில் சண்டை போட வேண்டாம், எழுத்தில் கேளுங்கள். அளவுகோலோடு சேர்த்து இரண்டு பட்டையையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பிலும், பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அடுத்த கட்டம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் அங்கே அலைய வேண்டியதில்லை. புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போட இந்தச் சட்டம் வழி செய்கிறது, ஆகவே கிருஷ்ணகிரியிலேயே தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. கால அவகாசம் இரண்டு வருடம்.

கேள்வி: பில் இல்லாமல் வாங்கினால் ஜிஎஸ்டி மிச்சம் என்கிறார்கள். பழைய கார் பாகத்துக்கு பில் எதற்கு?
வாசகர், பாலக்கோடு

பதில்: மேலே காவேரிப்பட்டண வாசகருக்குச் சொன்ன ஒவ்வொரு படிக்கும் பில்தான் அடிப்படை. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு வரி 18 சதவீதம், முன்பு பலவற்றுக்கு 28 இருந்தது. அந்தப் பதினெட்டு உங்கள் உரிமைக்கான விலை என்று நினைத்துக் கொடுங்கள். கேட்டும் பில் தர மறுப்பதே சட்டப்படி நேர்மையற்ற வணிகம்தான். ஏற்கனவே பில் இல்லாமல் வாங்கியிருந்தால் யுபிஐ பணப்பரிமாற்றப் பதிவு, வாட்ஸ்அப் பேச்சு இவற்றை அழிக்காமல் வையுங்கள்.

கேள்வி: தேன்கனிக்கோட்டைப் பக்கம் தோட்டத்துக்குப் போகும் பழைய ஜீப் என்னுடையது. பட்டை 'கிறீச் கிறீச்' என்கிறது. பழைய இன்ஜின் ஆயிலை அடித்துவிடுகிறேன், இரண்டு நாளில் மறுபடி சத்தம்.
வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: ஆயில் மண்ணைப் பிடித்துக்கொண்டு உப்புத்தாள் மாதிரி பட்டையைத் தேய்க்கும். ரப்பர் புஷ்ஷையும் ஊற வைத்துக் கெடுக்கும். ஒருமுறை செலவு செய்து பட்டையைப் பிரித்து, துருவைத் தேய்த்து எடுத்து, கிராஃபைட் கிரீஸ் தடவிக் கோர்க்கச் சொல்லுங்கள். பிரிக்கும்போது எந்தப் பட்டை எந்தப் பக்கம் என்று சுண்ணாம்பில் குறித்துக்கொள்ளட்டும், இடமும் வலமும் மாறக் கூடாது. கிளிப்புகளை விட்டுவிடாமல் திரும்பப் பூட்ட வேண்டும். பட்டை தேவையில்லாமல் புதிதாக வாங்க வேண்டாம்.

கேள்வி: 1970 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருக்கிறேன். பின்சக்கரங்களின் மேல்பகுதி உள்பக்கம் சாய்ந்து நிற்கிறது. பட்டை மாற்ற வேண்டுமா? விண்டேஜ் பதிவு செய்யப் போகிறேன், பட்டை மாற்றினால் அதற்குத் தடை வருமா?
வாசகர், ஓசூர்

பதில்: ஹெரால்டில் பக்கத்துக்கு ஒன்றாக இல்லாமல், பின்னால் குறுக்கே ஒரே பட்டை. அது தளர்ந்தால் சக்கரங்கள் நீங்கள் சொன்ன மாதிரியே சாயும், டயரின் உள்பக்கம் தேயும். ஹெரால்டையே கையாண்ட மெக்கானிக்கைத் தேடுங்கள். அம்பாசிடர் பட்டை மாற்றிய அனுபவம் இதற்குப் போதாது, கழற்றும் முறையே வேறு. வளைவு அளவுக்கு மீறிப் போனால் சக்கரங்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்து, திருப்பத்தில் வண்டி நிலைதடுமாறும். அதனால் உயரத்தை எழுத்தில் ஒப்புக்கொண்டு வேலை கொடுங்கள்.

2021-இல் வந்த விண்டேஜ் விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்திருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. தேய்ந்த பட்டைக்குப் பதில் அதே அளவில் வேறு பட்டை போடுவது அதில் வராது. பழைய பதிவு எண்ணையும் வைத்துக்கொள்ளலாம். பதிவு பத்து வருடம் செல்லும். ஆனால் விண்டேஜாகப் பதிந்தபின் கண்காட்சி, பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்க முடியும். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ராயக்கோட்டை வரை ஒரு சுற்று போய்வரும் ஆசை இருந்தால், விண்டேஜுக்கு மாறாமல் வழக்கமான பதிவையே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு வாருங்கள்.