கிளாட் எழுதப் போகிறீர்களா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பகுதி கிளாட் பற்றியவை, அதாவது தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சட்டம் படிக்க எழுதும் நுழைவுத் தேர்வைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் சேர்த்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: மகள் பிளஸ் டூ படிக்கிறாள். பொதுத்தேர்வு முடிந்து ரிசல்ட் வந்ததும் கிளாட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறோம். சரிதானே? (தேனியிலிருந்து ஒரு தந்தை)

இல்லை சார், அப்போது எல்லாம் முடிந்திருக்கும். கிளாட் பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு முன்பே நடக்கிறது. 2022 டிசம்பரிலிருந்து இப்படித்தான். 2024-இல் டிசம்பர் 1, 2025-இல் டிசம்பர் 7 என்று இரண்டும் ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை. விண்ணப்பம் ஆடி மாத வாக்கில் திறந்து ஐப்பசியில் மூடுகிறது. நீட், பொறியியல் கலந்தாய்வு இவற்றையே பார்த்துப் பழகிவிட்ட நமக்கு, ரிசல்ட்டுக்கு அப்புறம்தான் எல்லாம் என்று ஒரு நினைப்பு. வருடா வருடம் நல்ல பிள்ளைகள் இதனாலேயே வாய்ப்பை விடுகிறார்கள்.

பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும்போதே எழுதலாம். 45 சதவீதம் (பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 40) மதிப்பெண்ணைச் சேரும் சமயத்தில் காட்டினால் போதும். விண்ணப்பக் கட்டணம் அண்மை ஆண்டுகளில் பொதுப் பிரிவுக்கு 4,000 ரூபாய், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் போன்றோருக்கு 3,500 ரூபாய். டிசம்பர் அரையாண்டுத் தேர்வு சமயம் என்பதால் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கேள்வி: வக்கீலுக்குப் படிக்க இந்தத் தேர்வு கட்டாயமா? எங்கள் ஊரில் யாரும் எழுதியதே இல்லை. (பரமக்குடி மாணவர்)

கட்டாயம் இல்லை. தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளுக்கும், தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளிக்கும் நுழைவுத் தேர்வு கிடையாது. ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண், மூன்றாண்டுப் படிப்புக்குப் பட்டப்படிப்பு மதிப்பெண். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2021 சட்டப்படி இங்கே சட்டப் படிப்புக்கும் உண்டு. உங்கள் ஊர் வக்கீல்கள் அநேகமாக எல்லாரும் இந்த வழியில் வந்தவர்கள்தான்.

கிளாட் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கானது. பெங்களூரு, ஹைதராபாத், கொல்கத்தா, ஜோத்பூர், போபால் என்று நாடெங்கும் இருபதுக்கு மேல் இருக்கின்றன. நம் திருச்சியில், நாவலூர் குட்டப்பட்டில் இருக்கும் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகமும் கிளாட் வழியாகத்தான் சேர்க்கிறது. தில்லியில் உள்ளது மட்டும் ஐலெட் என்று தனித் தேர்வு வைத்துக்கொள்கிறது.

என் அபிப்பிராயம் கேட்டால், இரண்டு கதவையும் தட்டி வையுங்கள். கிளாட் சரியாக வராவிட்டாலும் மே மாதத்தில் மாநில விண்ணப்பம் காத்திருக்கும். ஒரு வருடம் வீட்டில் இருந்து மறுபடி எழுதுவது எல்லாருக்கும் பொருந்தாது.

கேள்வி: பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழி. கேள்வித்தாள் தமிழில் வருமா? வராவிட்டால் என்னால் முடியுமா? (நாமக்கல் மாணவி, பிளஸ் ஒன்)

வராது, ஆங்கிலத்தில் மட்டும்தான். மற்ற மொழிகளிலும் நடத்த வேண்டும் என்று 2023-இல் தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்கே போட்டார்கள். இருந்தும் வினாத்தாள் இன்றுவரை ஆங்கிலத்தில்தான்.

முடியுமா என்றால், பிளஸ் ஒன்னிலேயே கேட்கிறீர்கள் பாருங்கள், அதுவே பாதி பதில். 2020-இல் தேர்வின் அமைப்பை மாற்றினார்கள். அதற்கு முன் இலக்கணம், பொது அறிவு, ஒற்றை வரிக் கேள்விகள் என்று மனப்பாடத்துக்கு இடம் இருந்தது. இப்போது எல்லாமே பத்தி. சுமார் 450 சொற்கள் வரை ஒரு பத்தி, அதன் கீழே சில கேள்விகள். மொத்தம் 120 கேள்வி, 120 நிமிடம். ஆங்கிலம், நடப்பு நிகழ்வு, சட்டத் தர்க்கம், பொதுத் தர்க்கம், கொஞ்சம் கணக்கு. தலைப்பு ஐந்தானாலும் பெரும்பாலும் சோதிப்பது ஒன்றைத்தான்: வேகமாகப் படித்து, எழுதியவர் சொன்னதை மட்டும் பிடித்துக்கொள்கிறீர்களா என்று. ஆகவே இலக்கணப் புத்தகத்தோடு உட்காராதீர்கள். தினமும் வாசியுங்கள்.

எப்படி என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். ஆளுநர் மசோதாக்களை நிறுத்தி வைத்த வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரல் 8 அன்று தமிழ்நாட்டுக்குச் சாதகமாக உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அப்புறம் குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டதன் பேரில், ஆளுநருக்குக் காலக்கெடு விதிக்க முடியாது என்று ஐந்து நீதிபதிகள் நவம்பர் 20-இல் சொன்னார்கள். இதெல்லாம் நீங்கள் தமிழ்ப் பத்திரிகையிலும் டிவியிலும் பார்த்த விஷயம். யார் என்ன கேட்டார்கள், யார் மறுத்தார்கள் என்பது தெரியும். இப்போது அதே செய்தியைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த ஒரு தலையங்கத்தை எடுங்கள். அகராதி பார்க்காமல் முழுதாக ஒரு முறை படித்து முடித்து, எழுதியவர் எந்தப் பக்கம் நிற்கிறார், எந்த வாக்கியத்தில் அது தெரிகிறது என்று தமிழிலேயே இரண்டு வரி எழுதுங்கள். அப்புறம்தான் தெரியாத சொற்களுக்குப் போக வேண்டும். விஷயம் முன்பே தெரிந்திருப்பதால் பாதிச் சொற்கள் தானாகவே புரிந்திருக்கும். முதல் மாதம் ஒரு தலையங்கத்துக்கு அரை மணி நேரம்கூட ஆகலாம், பரவாயில்லை. ஒரு வருடத்தில் அதை நான்கு நிமிடத்துக்குக் கொண்டுவருவதுதான் வேலை.

கேள்வி: சட்டத் தர்க்கப் பகுதிக்கு அரசியலமைப்பு, ஒப்பந்தச் சட்டம், புதிய குற்றவியல் சட்டங்கள் எல்லாம் படிக்க வேண்டுமா? (பலர்)

வேண்டாம். சட்டம் முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பது அந்தப் பகுதியின் அடிப்படை. விதியைப் பத்தியிலேயே கொடுத்துவிடுவார்கள். அதைப் புதிதாக ஒரு சம்பவத்துக்குப் பொருத்திப் பார்க்க வேண்டும். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது என்பது போன்ற செய்தி நடப்பு நிகழ்வுக்கு உதவும். பிரிவு எண்களை உருப்போடுவது வீண்.

நானே ஒன்று தயாரித்துத் தருகிறேன். பத்தி இப்படிச் சொல்கிறது என்று வையுங்கள்: '18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. அந்த ஒப்பந்தத்தை வைத்து அவரிடமிருந்து பணம் வசூலிக்க முடியாது.' சம்பவம்: 17 வயதுப் பையன், தனக்கு 19 என்று சொல்லி ஒரு பைனான்ஸில் 40,000 ரூபாய் கடன் வாங்கி, பழைய பைக் ஒன்றை வாங்குகிறான். தவணை கட்டவில்லை. ஒப்பந்தப்படி பணத்தைக் கேட்டு பைனான்ஸ்காரர் வழக்குப் போட்டால் ஜெயிப்பாரா?

நான்கு விடைகள். ஒன்று, ஜெயிப்பார், பையன் பொய் சொன்னான். இரண்டு, ஜெயிப்பார், பைக் பையனிடம்தானே இருக்கிறது. மூன்று, ஜெயிக்க மாட்டார், ஒப்பந்தமே செல்லாது. நான்கு, ஜெயிக்க மாட்டார், வயதைச் சரிபார்க்காதது அவர் தவறு.

முதல் விடைக்குத்தான் கை போகும். பொய் சொன்னவன் தப்பிக்கலாமா என்று மனசு கேட்கும். பத்தியில் பொய்யைப் பற்றி ஒரு சொல் இல்லை. பைக் யாரிடம் இருக்கிறது என்பதைப் பற்றியும் இல்லை. நான்காவது இன்னும் நைசான பொறி, ஏனென்றால் முடிவு சரி, காரணம் தப்பு. சரிபார்க்க வேண்டும் என்று பத்தி எங்கே சொன்னது? ஆக மூன்றாவதுதான் விடை. 1903-இல், அப்போது நமக்கு மேல்முறையீட்டின் கடைசி நீதிமன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில், மோஹரி பீபி வழக்கில் சொன்ன விதி இது. மைனரின் ஒப்பந்தம் பற்றி இன்றும் சட்டக் கல்லூரியில் முதலில் படிக்கும் வழக்கு அதுதான்.

இதே பகுதியில் அதிகம் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். வீட்டில் வக்கீல் இருக்கும் பிள்ளைகள், 'ஆனால் சட்டத்தில் இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டே' என்று வெளியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து விடையை மாற்றிவிடுவார்கள். தேர்வு முடியும் வரை பத்தியில் இருப்பதுதான் சட்டம்.

கேள்வி: எனக்குக் கணக்கு என்றாலே பயம். பிளஸ் டூவில் கணக்கே எடுக்கவில்லை. (திருவாரூர் மாணவி)

120-இல் 10 முதல் 14 கேள்விகள்தான். பத்தாம் வகுப்புக் கணக்கு: சதவீதம், விகிதம், சராசரி, ஓர் அட்டவணையைப் பார்த்துச் சொல்வது. பள்ளிப் பாடப்புத்தகம் போதும். அப்படியே விட்டுவிடாதீர்கள், சந்தேகத்துக்கு இடமில்லாத மதிப்பெண் இந்தத் தாளில் இங்கேதான் கிடைக்கும்.

கேள்வி: தப்பான விடைக்கு கால் மதிப்பெண் குறைப்பார்களாமே. தெரியாததை விட்டுவிடுவதுதானே புத்திசாலித்தனம்? (கோவை)

கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு 16 கேள்விகளுக்கு ஷேட் செய்தால், சராசரியாக 4 சரி, 12 தப்பு. நான்கில் மூன்று கழியும், மிச்சம் ஒன்று. லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் இரண்டு விடைகளை உறுதியாக அடித்துவிட்ட 16 கேள்விகள் என்றால் 8 சரி, 8 தப்பு, மிச்சம் ஆறு. அங்கே பயந்து விடுவதுதான் நஷ்டம். ஒன்றைக்கூட அடிக்க முடியாத கேள்வியை விட்டு நகருங்கள், நேரமாவது மிஞ்சும்.

கேள்வி: கோச்சிங் சென்டரில் ஒரு லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். கட்டலாமா? (சேலம், ஒரு தாய்)

கடன் வாங்கிக் கட்ட வேண்டாம் அம்மா. தேர்வை நடத்தும் தேசிய சட்டப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் தளத்தில் பழைய வினாத்தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவைதான் உண்மையான அளவுகோல். தனியார் மாதிரித் தேர்வுகள் சிலவற்றில் வேண்டுமென்றே கஷ்டமாக வைத்து, பிள்ளையைப் பயமுறுத்தி அடுத்த பேக்கேஜை விற்கிறார்கள். மாதிரித் தேர்வுகளுக்கு மட்டும் பணம் கட்டி எழுதுவது நியாயமான செலவு. வசதி குறைந்த மாணவர்கள் ஐடியா என்ற அமைப்பை விசாரிக்கலாம். பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010-இல் தொடங்கியது, கிளாட்டுக்குப் பயிற்சியும் கொடுத்து, சேர்ந்த பிறகு படிக்கவும் துணை நிற்கிறது.

பயிற்சிக் கட்டணத்தைவிடப் பெரிய தொகை அப்புறம்தான் வரும். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆண்டுச் செலவு இரண்டு லட்சத்துக்கு மேல், அதுவும் ஐந்து வருடம். கல்விக்கடன், உதவித்தொகை பற்றி இப்போதே பேங்கில் பேசி வைப்பது நல்லது.

கேள்வி: மாதிரித் தேர்வில் 60-க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. தினமும் ஒன்று எழுதுகிறேன். (மதுரை)

தினமும் எழுதுவதை நிறுத்துங்கள். வாரம் இரண்டு போதும், எழுதிய மறுநாள் முழுக்க அதே தாளுக்குத்தான். தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள்: நேரம் போதவில்லை, பத்தியைச் சரியாகப் படிக்கவில்லை, விஷயமே தெரியாது, இரண்டில் தப்பானதை எடுத்தேன். நான்கு தாள் முடிந்ததும் எது அதிகம் என்று தெரிந்துவிடும். 'விஷயமே தெரியாது' அதிகம் என்றால் அநேகமாக நடப்பு நிகழ்வுதான் காலை வாருகிறது. 28 முதல் 32 கேள்விகள் அங்கே இருக்கின்றன. மற்ற பகுதிகளைப் போல் இல்லாமல், பத்தியைப் படித்தால் மட்டும் அங்கே விடை கிடைக்காது. அந்தச் செய்தியின் முன்கதை தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பகுதி தெரிந்தால் தெரியும், இல்லையென்றால் இல்லை, ஆகவே பத்து நிமிடத்துக்கு மேல் அதில் உட்காராதீர்கள்.

கேள்வி: ஓ.எம்.ஆர். தாளைக் கடைசியில் மொத்தமாக ஷேட் செய்யலாமா? (வேலூர்)

கூடாது. 120 வட்டத்தைப் பேனாவால் நிரப்பப் பத்து நிமிடமாவது வேண்டும், கடைசிப் பத்து நிமிடத்தில் கை நடுங்கும். ஒரு பத்தி முடிந்ததும் அதன் விடைகளை அப்போதே நிரப்புங்கள். ஒரு பத்தியைத் தாண்டிப் போனால், ஓ.எம்.ஆரில் வரிசை எண்ணை விரல் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். ஒரு வரி தள்ளிப்போனால் அப்புறம் எல்லாமே தள்ளிப்போகும், பேனா என்பதால் அழிக்கவும் முடியாது. வீட்டில் எழுதும் மாதிரித் தேர்வையும் ஓ.எம்.ஆர். அச்செடுத்தே எழுதுங்கள். தேர்வு மதியம் 2 மணிக்கு, சோறு சாப்பிட்டதும் கண் சொருகும் நேரம். கடைசி இரண்டு மாதமாவது அதே நேரத்தில் எழுதிப் பழகுங்கள்.

கேள்வி: விடைக்குறிப்பே தப்பாக இருந்தால்? (ஈரோடு)

தற்காலிக விடைக்குறிப்பு வெளியானதும் ஆட்சேபம் தெரிவிக்கச் சில நாட்கள் கொடுப்பார்கள், கட்டணம் உண்டு. 2024 டிசம்பர் தேர்வின் விடைகள் தில்லி உயர்நீதிமன்றம் போய், உச்சநீதிமன்றம் போய், 2025 மே மாதம் வரை இழுத்தன. வினாத்தாளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி: வயது 42, தனியார் வேலை, பி.காம். படித்திருக்கிறேன். கிளாட் எழுதலாமா? அஞ்சல்வழியில் படிக்கலாமா? (திருப்பூர்)

இளநிலை கிளாட்டுக்கு வயது உச்சவரம்பு இல்லை, ஆனால் அது ஐந்து வருடம். பட்டதாரியான உங்களுக்கு மூன்றாண்டு எல்.எல்.பி.தான் சரி. தமிழ்நாட்டில் பட்டப்படிப்பு மதிப்பெண்ணே போதும். பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியின் மூன்றாண்டுப் படிப்புக்கு என்.எல்.சாட் என்று தனித் தேர்வு இருக்கிறது. அஞ்சல்வழி சட்டப் படிப்பை, வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சில் ஏற்பதில்லை. விளம்பரம் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள். வருகைப் பதிவு கட்டாயம், அதனால் வேலையோடு சமாளிக்க முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். வக்கீலாகத் தொழில் செய்ய அகில இந்திய பார் தேர்வு என்ற ஒன்றிலும் தேற வேண்டும்.

கேள்வி: எங்களிடம் பி.சி. சாதிச் சான்றிதழ் இருக்கிறது. ஓ.பி.சி. என்று போடலாமா? (விருதுநகர்)

இரண்டும் வேறு. பி.சி. மாநிலப் பட்டியல், ஓ.பி.சி. மத்தியப் பட்டியல். திருச்சிப் பல்கலைக்கழகத்தில் தமிழ்நாட்டு மாணவர்களுக்கென ஒதுக்கிய இடங்களுக்கு மாநிலச் சான்றிதழ் வேண்டும். வெளி மாநிலங்களில் அகில இந்திய அளவில் ஓ.பி.சி. இடம் வைத்திருக்கும் பல்கலைக்கழகங்களுக்கு, மத்திய அரசுப் படிவத்தில், வருமான வரம்போடு கூடிய சான்றிதழ் வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலிலும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். கலந்தாய்வு தொடங்கியபின் தாலுகா ஆபீஸுக்கு அலைந்தால் தேதி போய்விடும். இருப்பிடச் சான்றிதழையும் அதோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.